நாயும் பூனையும் படுக்கும் குயில்ட்டுக்கு எந்தப் பஞ்சு, எந்தத் தையல்?

குளிர்காலத்தின் கடைசி வாரங்கள். பகலில் வெயில் எட்டிப் பார்க்கிறது, ஆனால் இரவில் குளிர் விட்டபாடில்லை. வெளியே போக மனசில்லாமல் வீட்டுக்குள்ளேயே கைவேலை தேடும் பருவம் இது. குயில்ட், அதாவது இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை, தைக்கிறவர்களில் பலர் இந்தச் சமயத்தில்தான் புதிதாக ஒன்றை எடுத்து உட்காருவார்கள். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால், அந்தக் குயில்ட்டை முதலில் பயன்படுத்தப்போவது யார் என்பதில் சந்தேகமே வேண்டாம். துணியைத் தரையில் விரித்து அடுக்கும்போதே பூனை நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை எழுப்பவும் நமக்கு மனசு வராது.

ஆக, தைப்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. நமக்கும் விலங்குக்கும் சேர்த்து ஒன்றா, அதற்குத் தனியாக ஒன்றா? நடுவில் பருத்திப் பஞ்சா, பாலியஸ்டரா, கம்பளியா? கையால் தைப்பதா, மெஷினிலா, அல்லது அங்கங்கே முடிச்சுப் போட்டு முடித்துவிடுவதா? கடைசியாக, இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பதில் ஒரு சூடேற்றும் பாயை வாங்கிப் போட்டால் போதாதா?

எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: வாரம் ஒரு முறை துவைத்தால் தாங்குமா? கதகதப்பும் அழகும் அதற்குப் பிறகு. சேறு, எச்சில், வாந்தி, முடி எல்லாம் படப்போகும் ஒரு துணியைத் துவைக்கப் பயந்து மடித்து வைக்க வேண்டி வந்தால், அதைத் தைத்ததற்கு அர்த்தமே இல்லை.

அதிலும் இந்தப் பருவத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நாய், பூனைகள் எப்போது முடி உதிர்க்கும் என்பதைப் பெருமளவு பகல்பொழுதின் நீளம்தான் தீர்மானிக்கிறது. பகல் நீள ஆரம்பித்ததும், குளிருக்காக வளர்ந்திருந்த அடிமுடி கழன்று விழத் தொடங்கும். விளக்கு வெளிச்சத்திலேயே காலம் தள்ளும் வீட்டுப் பூனைகள் ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும். ஆனால் அடர்ந்த அடிமுடி உள்ள நாய்கள் கொத்துக் கொத்தாகக் கொட்டும். அதாவது, குளிருக்கென்று தைத்த குயில்ட் தயாராகி வெளியே வரும் நேரமும் முடி அதிகமாகக் கொட்டும் நேரமும் ஒன்று. தினமும் ஐந்து நிமிடம் சீப்புப் போட்டுவிட்டால் குயில்ட்டுக்குப் போகும் முடியில் பெரும்பகுதி சீப்பிலேயே நின்றுவிடும். இதற்கு ஈடான பஞ்சோ துணியோ எதுவும் கிடையாது.

ஒன்றா, இரண்டா?

முதல் முடிவு சுலபம். பூனையை வைத்திருப்பவர்கள் பொதுவான ஒரு குயில்ட்டைத் தவிர்க்கவே முடியாது. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத் தனியாகச் சக்தி செலவழிக்காமல் பூனை சௌகரியமாக இருக்கும் வெப்பநிலை சுமார் 30 முதல் 38 டிகிரி செல்சியஸ். நாம் வசதியாக உணரும் 20, 22 டிகிரி அறை அதற்குக் குளிர்தான். அது ஜன்னல் வெயிலையும் நம் மடியையும் போர்வையின் உள்பக்கத்தையும் தேடிப் போவதில் செல்லமும் இருக்கலாம்; உடம்புத் தேவை நிச்சயம் இருக்கிறது. தனியாக எவ்வளவு நல்ல மெத்தை தைத்துக் கொடுத்தாலும், நாம் போர்த்திக்கொண்டிருக்கும்போது அதற்கு நம் குயில்ட்தான் வேண்டும்.

நாய்க்குக் கதை வேறு. ஹஸ்கி மாதிரி அடர்ந்த முடி உள்ள நாய் குயில்ட்டை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் குளிர்ந்த தரையில் போய்ப் படுத்துக்கொள்ளும். கிரேஹவுண்ட் மாதிரி மெல்லிய தோல், குட்டை முடி உள்ளதும், வயதானதும், குட்டியும்தான் கதகதப்பைத் தேடும். நாய்க்கு அதன் அளவுக்குத் தனியாக ஒன்று தைப்பதுதான் சரி. பெரிய குயில்ட் மெஷினில் ஒரு முழு லோடு. நாயின் சின்ன விரிப்பை மற்ற துணிகளோடு சேர்த்துப் போட்டுவிடலாம்.

தனியாகத் தைப்பதென்றால் ஒன்றுக்கு இரண்டாகத் தையுங்கள். ஒன்று துவைக்கப் போனால் மற்றொன்று அதே இடத்தில் கிடக்கட்டும். தன் வாசனை இருக்கும் இடத்தில்தான் பூனை நிம்மதியாகப் படுக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் துவைத்துச் சோப்பு வாசனையோடு திருப்பிப் போட்டால், முகர்ந்து பார்த்துவிட்டு நேராக நம் தலையணைக்குப் போய்விடும்.

இன்னும் ஒரு வயசு ஆகாத, கண்டதையெல்லாம் கடிக்கிற நாய்க்குட்டி வீட்டில் இருக்கிறதா? அப்படியென்றால் இப்போதைக்குத் தைக்காதீர்கள். பழைய துண்டு போதும். குட்டி முதலில் மூலையைத்தான் கடிக்கும். குயில்ட்டில் அதிகம் பாடுபட்டு மடித்துத் தைத்த இடமும் அந்த மூலைதான்.

பஞ்சைத் தேர்ந்தெடுப்பது

குயில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் ஊடுருவி ஓடும் தையல்தான் பஞ்சை நகரவிடாமல் பிடித்துவைக்கிறது. துணியைத் தேர்ந்தெடுக்க நாள்கணக்கில் யோசிக்கிறவர்கள் பஞ்சு விஷயத்தில் கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் குயில்ட்டின் எடை, சூடு, உலரும் நேரம், ஆயுள் நான்கையும் முடிவு செய்வது கண்ணில் படாத அந்த நடு அடுக்குதான்.

பாலியஸ்டர் பஞ்சை முதலில் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலோர் அதில்தான் தொடங்குவார்கள். எடை குறைவு, உப்பலாக இருக்கும், சுருங்காது, துவைத்தால் சட்டென்று காயும். சீக்கிரம் காய்வதற்குக் காரணம் அந்த இழை ஈரத்தை ஏற்பதே இல்லை என்பதுதான். சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், கம்பளி சுமார் 16 சதவீதம். பாலியஸ்டரோ வெறும் 0.4 சதவீதம்தான். துவைக்கிற நாளில் இது பெரிய வசதி. ஆனால் ஹீட்டர் ஓடி ஓடி வறண்டுபோன குளிர்கால அறையில் இதே குணம் தொல்லையாகிவிடும். ஈரம் இல்லாத இழையில் நிலைமின்சாரம் சேரும், அது முடியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். பூனையைத் தடவும்போது சுரீரென்று கையில் அடித்தால், அது திடுக்கிட்டு ஓடுவதும் இதனால்தான்.

இன்னொரு குறை, மலிவான பாலியஸ்டர் பஞ்சின் இழைகள் மேல்துணியின் நெசவு இடுக்கு வழியாக மெல்ல மெல்ல வெளியே எட்டிப் பார்க்கும். கறுப்புத் துணியில் வெள்ளைப் பூ பூத்த மாதிரி ஆகிவிடும். அதைப் பூனைமுடி என்று நினைத்துச் சுரண்டச் சுரண்ட இன்னும் வரும். சரி, அப்படியானால் பாலியஸ்டரே வேண்டாமா? ஈரத்தோடு வந்து படுக்கும் நாய்க்கும், சிறுநீர் அடங்காத கிழட்டு நாய்க்கும் இதைவிட நல்லது இல்லை. காலையில் துவைத்ததை இரவுக்குள் திருப்பிப் போட முடிகிறதே, அது ஒன்றே போதும்.

கம்பளிப் பஞ்சைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு மற்றது எதுவும் பிடிக்காது. எடை தெரியாத சூடு. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது. மடித்து வைத்தாலும் மடிப்புத் தடம் விழாமல் திரும்ப உப்பி எழும். கைத்தையல் போடுகிறவர்களின் ஊசி அதில் வெண்ணெயாக இறங்கும். ஆனால் நம் கேள்வி துவைப்பதைப் பற்றியது. வெந்நீரும் மெஷினின் உலுக்கலும் சேர்ந்தால் கம்பளி இறுகித் தடித்துவிடும், அதனால் குளிர்ந்த நீரில் மெதுவாகத்தான் அலச வேண்டும்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. பூனைச் சிறுநீர், வாந்தி போன்ற கறைகளுக்கு என்சைம் உள்ள சோப்புதான் சரியாக வேலை செய்யும். அதில் இருக்கும் புரோட்டியேஸ் என்ற என்சைம் புரதத்தைச் சிதைக்கும். கம்பளியே ஒரு புரதம்தான். கறையைக் கரைக்கிற மருந்து பஞ்சையும் சேர்த்தே அரிக்கும். ‘கம்பளிக்கு ஏற்றது’ என்று போட்ட சோப்பில் துவைத்தால் பஞ்சு பிழைக்கும், நாற்றமும் பிழைக்கும்.

இதோடு போகவில்லை. சில பூனைகளுக்குக் கம்பளியைச் சப்பும் பழக்கம் உண்டு. சயாமீஸ், பர்மீஸ் இனங்களில் இது அதிகம். குயில்ட்டில் கம்பளி உள்ளேதான் இருக்கிறது என்றாலும், சப்பிச் சப்பி மேல்துணி கிழிந்தால் உள்ளிருப்பது வாய்க்குள் போகும், குடலில் அடைக்கும். அதனால் கம்பளியை விலங்கு ஏறாத படுக்கையறைக்கு வைத்துக்கொள்வதுதான் என் யோசனை. அப்படி ஓர் அறை உங்கள் வீட்டில் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

மிஞ்சியது பருத்தி. எடை கூட, காய நேரமாகும், முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். 60 அங்குல அகலத்தில் 5 சதவீதம் என்றால் 3 அங்குலம் போச்சு. ஆனால் அந்தச் சுருக்கம்தான் பழகிய குயில்ட்டுக்கு உரிய அந்த நெளிநெளியான மேற்பரப்பைத் தருகிறது. நகம் பட்ட கீறலும், கொஞ்சம் கோணிப் போன தையலும், தங்கிவிட்ட முடியும் அந்த நெளிவில் மறைந்துபோகும். பருத்தி 60 டிகிரி வெந்நீரைத் தாங்கும், என்சைம் சோப்பையும் தாங்கும். தெள்ளுப்பூச்சி வந்துவிட்ட வீட்டில் அந்த 60 டிகிரி ஒரு வரம். ஒன்று மட்டும், மேல்துணி சாயம் விடாததாக இருக்க வேண்டும். அடர் சிவப்பு, அடர் நீலத் துணிகளைத் தைப்பதற்கு முன்பே தனியாக வெந்நீரில் நனைத்துப் பார்த்துவிடுங்கள்.

சூட்டைப் பொறுத்தவரை பருத்தி மூன்றிலும் கடைசிதான். குளிரின் உச்சியில் அது குறையாகத் தெரியும். குளிர் இறங்கிக்கொண்டிருக்கும் இந்தச் சமயத்தில், இரவில் போர்த்திக்கொண்டு விடியற்காலையில் உதறிவிடும் மனிதருக்கும் விலங்குக்கும் அந்த மிதமான சூடே போதும்.

என் ஓட்டு பருத்தி 80 சதவீதமும் பாலியஸ்டர் 20 சதவீதமும் கலந்த பஞ்சுக்கு. பருத்தியின் குணம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், எடையும் உலரும் நேரமும் கொஞ்சம் குறையும். வாங்கும்போது உறையில் ஒன்றைத் தேடிப் படியுங்கள்: தையல் கோடுகளுக்கு இடையில் அதிகபட்சம் எத்தனை அங்குலம் விடலாம் என்று போட்டிருக்கும். உள்ளே மெல்லிய வலை வைத்துக் குத்திய பஞ்சு 8, 10 அங்குல இடைவெளியைக்கூடத் தாங்கும். வலை இல்லாத தூய பருத்தி சிலவற்றுக்கு 3, 4 அங்குலத்துக்கு மேல் விட்டால் நாலு துவைப்பில் திரண்டு உருண்டைகட்டும். நாய் படுக்கும் முன் காலால் பறித்துப் பறித்து இடம் சரிசெய்யுமே, அந்தப் பறிப்பையும் கணக்கில் வைத்து, சொன்ன இடைவெளியில் பாதியை வைத்துக்கொள்வது நல்லது.

விலங்கின் சின்ன விரிப்புக்குப் புதிதாகப் பஞ்சு வாங்கவே தேவையில்லை. நைந்துபோன பருத்திப் போர்வையை வெட்டி நடுவில் வைத்தால் அது ஏற்கெனவே சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்ததாக இருக்கும். பழைய ஃப்ளீஸ் போர்வையும் நன்றாகவே உட்காரும். பழைய துண்டு வேண்டாம், நனைந்தால் தூக்க முடியாத கனம், காயவே காயாது. சிலர் துணி வெட்டும்போது விழும் துணுக்குகளை ஓர் உறைக்குள் அடைத்து மெத்தையாக்குவார்கள். குப்பைக்குப் போவது பயன்படுகிறது என்ற அளவில் நல்ல எண்ணம்தான். அப்படிச் செய்தால் துணுக்கை உள்உறை ஒன்றில் போட்டுத் தைத்து, வெளிஉறைக்கு ஜிப் வையுங்கள், துவைப்பது வெளிஉறையை மட்டும். துணுக்குகளிலிருந்து நூலையெல்லாம் பொறுக்கி எடுத்துவிடவும் மறக்க வேண்டாம். ஏன் என்பதை இப்போது சொல்கிறேன்.

முடிச்சா, கைத்தையலா, மெஷினா?

மூன்று அடுக்கையும் இணைக்க மிகச் சுலபமான வழி முடிச்சு. தடித்த நூலை மூன்று அடுக்கிலும் கோத்து மேலே இழுத்து முடிந்து, இரண்டு முனையையும் ஓர் அங்குலம் விட்டு வெட்டிவிடுவது. ஒரு வாரக் கடைசியில் பெரிய குயில்ட்டையே முடித்துவிடலாம். பஞ்சு அமுங்காது, உப்பல் அப்படியே இருக்கும், அதனால் சூடும் அதிகம். காகிதத்தில் பார்த்தால் பின்பனிக்கு அவசரமாகத் தைக்க இதுதான் சரியான வழி.

இப்போது கணக்குப் போடுங்கள். 60க்கு 72 அங்குலக் குயில்ட்டில் நாலு அங்குலச் சதுரத்துக்கு ஒரு முடிச்சு என்றால் 270 முடிச்சு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை. பூனையின் மூக்குக்கு நேராக 540 நூல்முனைகள் நிமிர்ந்து நிற்கின்றன. இதைவிட அழைப்பு வேண்டுமா?

பூனையின் நாக்கில் இருக்கும் சின்னச் சின்ன முட்கள் தொண்டைப் பக்கமாகச் சாய்ந்தவை. நூல் ஒரு முறை நாக்கில் பட்டால் வெளியே துப்புவது கடினம், உள்ளே போவதுதான் சுலபம். போகிற நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ மாட்டிக்கொள்ளும். மறுமுனையைக் குடல் முன்னால் தள்ளிக்கொண்டே போகும். நாடாவை இழுத்த சுருக்குப்பை மாதிரி குடல் அந்த நூலின்மேல் கொசுவிக்கொள்ளும், இறுகிய நூல் குடல் சுவரை அறுக்கும். அறுவைச் சிகிச்சைதான் வழி, அதுவும் தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. வாயிலோ மலவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்கவே கூடாது, அப்படியே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது, இவை நூல் கண்ணில் படாதபோதும் அதைச் சந்தேகிக்க வைக்கும் அறிகுறிகள்.

அதனால் பூனை வீட்டில் முடிச்சுக் குயில்ட் வேண்டாம். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. பொத்தான், குஞ்சம், ரிப்பன், இழை பிரிய விட்ட ஓரம் எல்லாம் இதே வகைதான். தையல் கூடையும் அப்படியே: நூல் கோத்த ஊசியை எழுந்து போகும்போது துணியிலேயே குத்தி வைத்துவிட்டுப் போகும் பழக்கம் இருந்தால், இந்தக் குளிர்காலத்தோடு விட்டுவிடுங்கள். மூடி உள்ள டப்பா ஒன்று போதும்.

கைத்தையலின் அழகைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு அங்குலத்துக்கு ஒரு நேர்கோடு என்று வைத்துக்கொண்டால் மேலே சொன்ன அளவுக் குயில்ட்டில் 29 கோடுகள், ஒவ்வொன்றும் 6 அடி. அங்குலத்துக்கு 8 தையல் என்றால் மொத்தம் 16,000க்கும் மேல். இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் நடக்காது. துணியை விறைப்பாகப் பிடிக்கும் வளையத்தோடு மடியில் குயில்ட்டை வைத்துக்கொண்டு தைப்பது உடம்புக்குச் சூடாக இருக்கும், பூனையும் அடியில் வந்து படுக்கும், இதெல்லாம் இந்த வேலையின் நிஜமான சந்தோஷங்கள். ஆனால் இழுத்து இறுக்காத கைத்தையலில் நகம் மாட்டும். அவ்வளவு நேரம் கொடுத்துத் தைத்ததை வாரந்தோறும் மெஷினில் போடவும் கை வராது. கைத்தையல் பரிசுக்கு, சுவரில் மாட்டுவதற்கு, அடுத்த குளிர்காலத்துக்கு.

தினசரிப் புழக்கத்துக்கு மெஷின் தையல்தான். அந்த 29 கோடுகளை வாக்கிங் ஃபுட் (மேலடுக்கையும் சேர்த்து நகர்த்தும் பாதம்) மாட்டிய சாதாரண மெஷினில் சில மாலைகளில் ஓட்டிவிடலாம். மூன்று அடுக்கும் ஒரே வேகத்தில் நகரும், அடித்துணி சுருங்கி மடிப்பு விழாது. தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர் வைத்தால் நகம் நுழைய இடமிருக்காது. ஃப்ரீ மோஷனில், அதாவது துணியைக் கையாலேயே நகர்த்தி, வளைவு வளைவாகப் போட வருகிறவர்களுக்கு அதுவும் சரியே, மிக நெருக்கமாகப் போட்டால் மட்டும் குயில்ட் அட்டை மாதிரி விறைத்துப்போகும், உள்ளே நிற்கும் காற்றும் குறைந்து சூடும் குறையும். சூடு தருவது பஞ்சுக்குள் அடைபட்ட காற்றுதானே.

மெஷினில் ஒரு வேலை கூடும். முடி படிந்த குயில்ட்டைத் தைக்கும்போது அடிநூல் இருக்கும் பாபின் பெட்டிக்குள்ளும், துணியை நகர்த்தும் பற்களுக்கு இடையிலும் முடியும் பஞ்சும் திரண்டு கம்பளித் துணுக்கு மாதிரி அடைந்துவிடும். திடீரென்று தையல் தவறினால் ஊசியைத் திட்டுவதற்கு முன் தகட்டைக் கழற்றிப் பிரஷ்ஷால் துடைத்துப் பாருங்கள்.

அடுக்குகளைத் தைக்குமுன் தற்காலிகமாகப் பிடித்துவைக்கப் பின் ஊசி, ஒட்டும் ஸ்ப்ரே என்று இரண்டு வழிகள். விலங்கு நடமாடும் வீட்டில் வளைந்த சேஃப்டி பின்தான் நல்லது, எத்தனை குத்தினோம் என்று எண்ணி அத்தனையும் திரும்ப எடுக்க வேண்டும், அவ்வளவே. ஸ்ப்ரே அடிப்பதாக இருந்தால் விலங்குகளை வெளியேற்றி, ஜன்னலைத் திறந்து வைத்து அடியுங்கள். வீட்டில் கிளியோ வேறு பறவையோ இருந்தால் ஸ்ப்ரேயே வேண்டாம், அவற்றின் நுரையீரல் அதைத் தாங்காது. இஸ்திரிப் பலகையின் உறை ஒட்டாப் பூச்சு போட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் வெளிவரும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

அடித்துணி பற்றி அதிகம் இல்லை. நெருக்கமாக நெய்த பருத்தித் துணி, மெழுகு வைத்துச் சாயமேற்றும் பேட்டிக் மாதிரி, முடியை உள்ளே விடாது, உதறினால் போய்விடும். ஃபிளானல் மென்மை, ஆனால் முடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நாயின் விரிப்புக்குப் பழைய ஜீன்ஸ் துணி அடியில் போட்டால் வருஷக்கணக்கில் உழைக்கும். நிறத்தை விலங்கின் முடியைப் பார்த்தே எடுங்கள். வெள்ளை நாய்க்குக் கறுப்புத் துணி எடுக்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

சூடேற்றும் பாய் போதுமா?

மூட்டு வலி உள்ள வயதான நாய்க்கும் பூனைக்கும் குயில்ட் மட்டும் போதாமல் போகலாம். குளிரில் விறைத்த மூட்டோடு எழ முடியாமல் தவிப்பதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அப்போது சூடேற்றும் பாய் உண்மையிலேயே உதவி. ஆனால் மனிதருக்கான மின்சாரப் பாயை விரித்துவிடக் கூடாது. அதன் சூடு விலங்குக்கு அதிகம், நகர்ந்து போக முடியாத கிழட்டு உடம்பில் தெரியாமலே தோல் வெந்துபோகும். விலங்குக்கென்று செய்த, குறைந்த சூடு உள்ள, கடித்தாலும் உரியாத உலோக உறை போட்ட வயர் கொண்டதைத்தான் வாங்க வேண்டும். படுக்கையின் ஒரு பாதியில் மட்டும் அதை வைத்து, மறுபாதியைச் சும்மா விட்டால் சூடு அதிகமென்று தோன்றினால் அது தானாகத் தள்ளிப் படுக்கும். அதன்மேல் தடித்த குயில்ட்டை மடித்துப் போட்டு மூடக் கூடாது, சூடு உள்ளேயே தேங்கும். மேலே ஒற்றை அடுக்குத் துணி போதும்.

ஆரோக்கியமான, இளவயது விலங்குக்கு இது தேவையே இல்லை. தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், காற்று வீசாத மூலையில் விரிப்பைப் போட்டால் அதுவே பாதிச் சூடு.

துவைக்கிற நாள்

முடியோடு அப்படியே மெஷினில் போட்டால் நனைந்த முடி நூலாகத் திரிந்து குயில்ட்டிலும் மெஷினிலும் ஒட்டும். முதலில் வெளியே உதறி, ஈரமான ரப்பர் கையுறையால் ஒரே திசையில் தேய்த்தால் முடி சுருண்டு வரும். ட்ரையர் இருந்தால் துவைப்பதற்கு முன்னாலேயே சூடில்லாமல் பத்து நிமிடம் ஓட்டுங்கள், பெரும்பகுதி முடி வடிகட்டியில் சேர்ந்துவிடும். ஓட்டும் முன் உள்ளே கைவிட்டுப் பார்த்துவிடுங்கள். கதகதப்பான ட்ரையர் பூனைக்குப் பிடித்த குகை.

சிறுநீர்க் கறையைக் குளிர்ந்த நீரில் அலசி, என்சைம் கரைசலை ஊறவிட்டு, அதன் பிறகுதான் சுடுநீருக்குப் போக வேண்டும். அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டாம், அந்த வாசனை சிறுநீரையே நினைவூட்டி மறுபடி அதே இடத்துக்கு அழைக்கும். துணியை மென்மையாக்கும் திரவமும் ட்ரையர் ஷீட்டும் கூட வேண்டாம். அதில் உள்ள இரசாயனம் துணியிலேயே படிந்து நிற்கும், பூனை தன் உடம்பை நக்கும்போது அதுவும் வாய்க்குள் போகும்.

பனி பெய்யும் இடங்களில் பாதையில் தூவிய உப்பு நாயின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு வரும். வாசலிலேயே வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தைத் துடைத்துவிட்டால் குயில்ட்டில் வெள்ளைக் கறை படாது, நாயும் அந்த உப்பை நக்காது.

குளிர் போனதும் குயில்ட்டை எடுத்து வைக்கும்போது பஞ்சின் வேறுபாடு மறுபடியும் தெரியும். பருத்தியையும் பாலியஸ்டரையும் துவைத்து, நன்றாகக் காயவைத்து, அப்படியே அலமாரியில் வைத்துவிடலாம். கம்பளியை அந்துப்பூச்சி அரிக்கும். அதற்காக அந்துருண்டை போட்டு வைப்பதில்தான் ஆபத்து. நாஃப்தலின் நாய்க்கும் பூனைக்கும் விஷம். உருண்டையை விளையாட்டாக விழுங்கிவிட்டாலோ, அந்த நெடி ஏறிய போர்வையில் நாள்கணக்கில் படுத்துக் கிடந்தாலோ உடம்பைக் கெடுக்கும். பூச்சியை விரட்டப் பெர்மெத்ரின் கலந்த ஸ்ப்ரேயும் பூனை வீட்டில் கூடாது. கம்பளிக் குயில்ட் வைத்திருப்பவர்கள் அதைத் துளி அழுக்கில்லாமல் அலசி, முழுக்கக் காயவைத்து, இறுக்கமாக மூடும் பெட்டியில் மருந்து எதுவும் இல்லாமல் வையுங்கள். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த கம்பளிதான் அந்துப்பூச்சியை அதிகம் இழுக்கும். மாதம் ஒரு முறை திறந்து வெளியே எடுத்து உதறினால் முட்டை இருந்தாலும் தங்காது.